பனிவிரிப்புக்கு அடியில் புதைந்த நிலத்தைப் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அண்டார்டிகாவையும் கிரீன்லாந்தையும் மூடியிருக்கும் பனிவிரிப்புகளுக்கு அடியில் மலைத்தொடர்களும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் ஏரிப் படுகைகளும் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றைச் செதுக்கியவை, பெரும்பனி வந்து மூடுவதற்கு முன்பு அங்கே ஓடிய ஆறுகளும் தொடக்க காலத்துச் சிறு பனியாறுகளும்தான். ஆகவே அந்த நிலத்தின் வடிவமே அந்தக் காலத்துத் தட்பவெப்பத்துக்குச் சாட்சி. அதைப் படிக்கத் தேவையான தரவுகள் இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கணினி போதும்.

ஆனால் வரைபடத்தைத் திறந்ததும் கண்ணில் படும் மேடுபள்ளங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த வரைபடத்தின் பெரும்பகுதி அளக்கப்பட்டதல்ல, கணக்குப் போட்டு நிரப்பப்பட்டது. நிலமோ பனியின் எடையால் நூற்றுக்கணக்கான மீட்டர் அமிழ்ந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை வடிவம் சொல்லும்; எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்பதைச் சொல்லாது. கீழே வரும் படிகள் இந்த மூன்று சிக்கல்களையும் ஒவ்வொன்றாகத் தீர்ப்பதற்கானவை.

பழைய நிலம் எங்கே பிழைத்திருக்கும்?

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பனி தன் அடிநிலத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரிப்பதில்லை. அடிப்பகுதி உருகுநிலையில் இருந்தால் அங்கே நீர்ப்படலம் உண்டாகும். பனி வழுக்கிக்கொண்டு நகரும். பாறையைப் பெயர்த்துத் தேய்க்கும். அடிப்பகுதி உருகுநிலைக்குக் கீழே உறைந்திருந்தால் பனி பாறையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே உள்ள பனி மட்டும் மெல்ல உருமாறி நகரும். கீழே உள்ள நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

தடிமன் கூடினால் அடிப்பகுதி உருகுநிலையை எட்டும் வாய்ப்பும் கூடும். புவியின் உள்வெப்பம் மேலே தப்பிப் போகாமல் பனி தடுப்பதும், அழுத்தத்தால் உருகுநிலை இறங்குவதும் இதற்குக் காரணம். பனியின் தடிமன் 1 கி.மீ. கூடினால் உருகுநிலை சுமார் 0.87 டிகிரி இறங்கும். 3 கி.மீ. பனிக்கு அடியில் மைனஸ் 2.6 டிகிரியிலேயே பனி உருகும். அதனால்தான் ஒரே மலைத்தொடரில்கூட ஆழமான பள்ளத்தாக்கின் தரை ஈரமாகவும், மெல்லிய பனி மூடிய உச்சிகள் உறைந்தும் இருக்கும். பழைய நிலத்தைத் தேடுபவர்கள் உயரமான மேட்டு நிலங்களிலும், பனி ஆண்டுக்குச் சில மீட்டருக்கு மேல் நகராத பகுதிகளிலும் தேட வேண்டும். நாசாவின் மெஷர்ஸ் திட்டம் வெளியிட்ட பனி வேக வரைபடத்தை ஏற்றினால் இது உடனே தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள் மூன்று:

- கிழக்கு அண்டார்டிகாவின் நடுவே உள்ள கம்பூர்த்செவ் மலைகள். 1958இல் சோவியத் ஆய்வுக்குழு நில அதிர்வு அளவீட்டில் கண்டறிந்தது. ஆல்ப்ஸ் போன்ற கூர்மையான மலைத்தொடர் முழுவதும் பனிக்கடியில்.
- டென்மன், டாட்டன் பனியாறுகளுக்கு உள்நாட்டுப் பக்கம், அரோரா, ஷ்மிட் படுகைகளுக்கு இடையே உள்ள மேட்டு நிலம். சுமார் 32,000 சதுர கி.மீ. பரப்பு, 2023இல் விவரிக்கப்பட்டது.
- வடமேற்கு கிரீன்லாந்து. 2013இல் அறிவிக்கப்பட்ட, குறைந்தது 750 கி.மீ. நீளமுள்ள பெரும் பள்ளத்தாக்கு பீட்டர்மன் பனியாற்றை நோக்கிச் செல்கிறது.

த்வெய்ட்ஸ், பைன் ஐலண்ட் போன்ற வேகப் பனியாறுகளை முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அவை முக்கியமானவைதான். ஆனால் அங்கே பழைய நிலத்தைப் பனியே அரித்துத் தின்றுவிட்டது.

படி 1: தரவை இறக்குதல்

இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். அதனுடன் நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் குவாண்டார்டிகா தொகுப்பை அல்லது கிரீன்லாந்துக்கான கியூகிரீன்லாந்து தொகுப்பை நிறுவினால் அடிப்படை வரைபடங்கள் தயாராகவே கிடைக்கும். அடிநிலத்துக்கு இரண்டு முதன்மைத் தரவுகள் உண்டு: பெட்மெஷின் (அண்டார்டிகாவுக்கு 500 மீட்டர் கட்டம், கிரீன்லாந்துக்கு 150 மீட்டர் கட்டம்), 2025இல் வெளியான பெட்மேப் 3 (500 மீட்டர் கட்டம்). பெட்மெஷினை இறக்க நாசாவின் எர்த்டேட்டா கணக்கு வேண்டும், பணம் கிடையாது.

கோப்பு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவில் வரும். உள்ளே அடிநில உயரம், பனிமேற்பரப்பு உயரம், தடிமன், வகைக்குறி, பிழை அளவு, தரவு வந்த வழி எனத் தனித்தனி அடுக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றுங்கள். கடைசி இரண்டையும் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். உண்மையில் அவைதான் அடுத்த படிக்கே ஆதாரம்.

அண்டார்டிகா முழுவதற்கும் 17 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் உள்ளன. உங்கள் பகுதியைச் சுற்றி 300 முதல் 400 கி.மீ. சதுரமாக வெட்டி ஒரு பிரதி எடுத்து வேலை செய்யுங்கள். முழுக்கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், படி 3இல் அது வேண்டும். ஆயத்தொலை முறையின் குறியெண் அண்டார்டிகாவுக்கு இ.பி.எஸ்.ஜி. 3031, கிரீன்லாந்துக்கு 3413. இந்தத் துருவ வரைபடங்களில் மேல்பக்கம் வடக்கு அல்ல, இடத்துக்கு இடம் திசை மாறும். ஒரு சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதும்போது தீர்க்கக் கோட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

படி 2: அளந்ததா, நிரப்பியதா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். அடிநிலத்தைப் பெரும்பாலும் விமான ரேடார்தான் அளக்கிறது. விமானம் பறந்த கோட்டில் மட்டுமே அளவு உண்டு. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே, கடலோர வேகப் பனியாறுகளில் பனியின் வேகத்தையும் பொருண்மை அழியா விதியையும் வைத்து தடிமனைக் கணக்கிடுகிறார்கள். மெதுவாக நகரும் உட்பகுதிகளில் அந்த முறை சரிவராது. அங்கே இடைக்கணிப்பு செய்து, அதாவது அருகிலுள்ள அளவுகளிலிருந்து இடைவெளியைக் கணித்து, நிரப்புகிறார்கள். நாம் தேடும் பழைய நிலம் இருப்பதோ பெரும்பாலும் அந்த உட்பகுதிகளில்.

இடைக்கணிப்பு நிலத்தை வழவழப்பாக்கும். வரைபடத்தில் பரந்த சமவெளி போலத் தெரிவது, உண்மையில் யாரும் பறந்து பார்க்காத இடமாக இருக்கலாம். அதை “ஆறுகள் தேய்த்த சமநிலம்” என்று எழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. தவிர்க்க வழி எளிது: பெட்மேப் தொகுப்போடு வெளியிடப்பட்டுள்ள ரேடார் அளவுப் புள்ளிகளை வரைபடத்தின் மேல் போடுங்கள். அருகிலுள்ள கோடு உங்கள் பள்ளத்தாக்கின் அகலத்தைவிடத் தொலைவில் இருந்தால் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். பிழை அடுக்கின் மதிப்பு நீங்கள் அளக்கும் மேடுபள்ளத்தின் உயரத்தில் பாதியைத் தாண்டினாலும் அப்படியே.

கோடுகள் இல்லாத இடத்துக்கு இன்னொரு துணை உண்டு: பனியின் மேற்பரப்பு. பனித் தடிமனைவிடப் பல மடங்கு அகலமான மேடும் பள்ளமும் மேற்பரப்பில் மிக மெல்லிய அலையாகத் தெரியும். செயற்கைக்கோள் உயரத் தரவில் சரிவு நிழல் வரைந்தால் அந்த அலைகள் புலப்படும். அரோரா–ஷ்மிட் மேட்டு நிலத்தின் பள்ளத்தாக்குகளை ஆய்வாளர்கள் முதலில் இப்படித்தான் ரேடார்சாட் செயற்கைக்கோள் படங்களில் கண்டு, பிறகு ரேடார் கோடுகளில் உறுதிசெய்தார்கள். இந்த முறை பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டும். எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டாது.

படி 3: பனியை எடுத்துவிட்டு நிலத்தை உயர்த்துதல்

பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ. புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தின் அடர்த்தி சுமார் 3,300 கிலோ. 917ஐ 3,300ஆல் வகுத்தால் 0.278. அதாவது 1,000 மீட்டர் பனியை எடுத்தால் நிலம் காலப்போக்கில் சுமார் 278 மீட்டர் எழும். கிரீன்லாந்தின் உச்சியில் 3,053 மீட்டர் பனியைத் துளைத்த ஜிஸ்ப் 2 துளையிடத்தில் இது ஏறத்தாழ 850 மீட்டர். இந்த எழுச்சியைச் சேர்க்காமல் பள்ளத்தாக்கின் உயரத்தை வைத்து வெப்பநிலை கணக்கிட்டால் 5 டிகிரிக்கும் மேல் தவறும்.

ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் தடிமனையும் 0.278ஆல் பெருக்கிக் கூட்டிவிடக் கூடாது. பாறைக்கோளம் (புவியின் கடினமான வெளி ஓடு) விறைப்பானது, ஒரு குறுகிய பள்ளத்தாக்கு மட்டும் தனியாக எழாது, சுற்றுவட்டாரம் முழுதும் சேர்ந்தே எழும். பெட்மேப் 3இல் பதிவான மிகத் தடித்த பனி வில்க்ஸ் நிலத்தில் ஒரு பெரும் பள்ளத்துக்குள் உள்ள 4,757 மீட்டர். நேரடியாகப் பெருக்கினால் அந்தப் பள்ளத்தின் தரை மட்டும் 1,300 மீட்டர் எழுவதாக வரும்; பக்கச் சுவர்கள் குறைவாக எழும்; பள்ளம் பொய்யாக ஆழம் குறைந்துவிடும். செய்ய வேண்டியது இது:

1. முழுக்கோப்பின் தடிமன் அடுக்கை 5 கி.மீ. கட்டமாகச் சுருக்குங்கள். வெட்டிய துண்டை எடுத்தால் ஓரங்களில் பிழை வரும்.
2. கடலிலும் பனியற்ற நிலத்திலும் தடிமன் 0 என்று இருக்க வேண்டும். “தரவு இல்லை” என்று இருந்தால் கரையோர எழுச்சி மிகையாகிவிடும். மிதக்கும் பனியடுக்குகளையும் 0 ஆக்குங்கள். அவற்றின் எடையைக் கடல் தாங்குகிறது.
3. காஸியன் வடிகட்டியால் (அருகிலுள்ள மதிப்புகளைச் சராசரியாக்கும் கருவி) 50 முதல் 100 கி.மீ. அளவுக்கு மென்மையாக்குங்கள். மேற்கு அண்டார்டிகாவின் மெல்லிய பாறைக்கோளத்துக்குச் சிறிய அளவு, கிழக்குக்குப் பெரிய அளவு.
4. வந்த விடையை 0.278ஆல் பெருக்கி, கியூஜிஐஎஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் (கட்டம் கட்டமாகக் கணக்கிடும் கருவி) அடிநில உயரத்தோடு கூட்டுங்கள்.
5. அதன் பிறகும் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்து, கடலோடு தொடர்பும் உள்ள பரந்த படுகைகளில் கடல்நீர் புகுந்து தன் எடையால் மறுபடி அமிழ்த்தும். அங்கே எதிர்ம மதிப்பை 1.45ஆல் பெருக்குங்கள். கடலோடு தொடர்பில்லாத உள்நாட்டுப் படுகைகளில் இதைச் செய்யாதீர்கள்.

இது முறையான நெகிழ்வுக் கணக்குக்குத் தோராயமான மாற்றுதான். ஆயினும் முதல் வாசிப்புக்குப் போதுமான துல்லியம் கிடைக்கும். இன்னொன்று: அண்டார்டிகா முழுதும் பனியற்றிருந்த காலத்தில் உலகக் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 60 மீட்டர் கூடுதலாக இருந்திருக்கும். கரைக்கோட்டை 0 மீட்டரில் வரையாதீர்கள். மேலும், 3.4 கோடி ஆண்டுகளில் பனி அரித்துக் கடலில் கொட்டிய பாறை இந்த எழுச்சியில் திரும்பி வராது. மேற்கு அண்டார்டிகாவின் பெரும்பகுதி அன்று கடலுக்கு மேலே இருந்தது. நீங்கள் உயர்த்திய வரைபடத்தில் அது இன்னும் கடலுக்கடியில்தான் தெரியும்.

படி 4: ரேடார் வெட்டுமுகத்தைப் பார்த்தல்

கட்ட வரைபடத்தோடு நிற்காமல் மூல ரேடார் படத்தையும் திறந்து பாருங்கள். பனிக்குள் ரேடார் அலை மைக்ரோநொடிக்குச் சுமார் 168.5 மீட்டர் வேகத்தில் போகும். மேற்பரப்பு எதிரொலிக்கும் அடிநில எதிரொலிக்கும் இடையே 25 மைக்ரோநொடி இருந்தால், போய்வரும் நேரம் என்பதால் பாதியாக்கி, 2,106 மீட்டர். மேலடுக்கின் இறுகாத பனியில் அலை வேகமாகப் போவதால் ஏறத்தாழ 10 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மேற்பரப்பு 2,600 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிநிலம் சுமார் 484 மீட்டரில்.

இங்கே தவறு நேரும் இடங்கள் பல. குறுகிய பள்ளத்தாக்கில் தரையின் எதிரொலிக்கு முன்பே பக்கச் சுவர்களின் எதிரொலி வந்து சேரும். தரை மேலே இருப்பதாகத் தோன்றும். ஆகவே எதிரொலிகளை அவை வந்த இடத்துக்கு நகர்த்திச் சீராக்கிய படத்தையே பயன்படுத்துங்கள். செங்குத்து அளவு மிகைப்படுத்தப்பட்டிருப்பதால் 5 டிகிரிச் சரிவும் செங்குத்துப் பாறை போலத் தெரியும். விமானக் கோடு பள்ளத்தாக்கை 30 டிகிரிச் சாய்வில் கடந்திருந்தால் அகலம் இரு மடங்காகத் தெரியும். ரேடார் கோப்புகளின் உயரங்கள் பெரும்பாலும் நீள்வட்டத் திண்மத்தை (புவியின் எளிமையாக்கிய கணித வடிவம்) அடிப்படையாகக் கொண்டவை. பெட்மெஷினின் உயரங்கள் ஜியாய்டை, அதாவது ஈர்ப்பு விசையால் அமையும் சராசரிக் கடல்மட்டப் பரப்பை, அடிப்படையாகக் கொண்டவை. இரண்டையும் ஒப்பிடும்போது சில பத்து மீட்டர் வேறுபாடு வந்தால் காரணம் இதுதான்.

படி 5: செதுக்கியது ஆறா, பனியா?

இப்போதுதான் வடிவத்துக்கு வருகிறோம். குறுக்குவெட்டு வி வடிவமா, யூ வடிவமா என்பதே எல்லோரும் முதலில் பார்ப்பது. கண்ணால் முடிவு செய்யாமல், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஒரு பக்கச் சுவருக்கு, உயரம் தூரத்தின் எத்தனையாவது அடுக்காகக் கூடுகிறது என்று காட்டும் கோட்டைப் பொருத்துங்கள். அடுக்கெண் 1க்கு அருகில் வந்தால் வி, 2க்கு அருகில் வந்தால் யூ. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியல்ல. அடியில் வண்டல் நிரம்பிய ஆற்றுப் பள்ளத்தாக்கும் யூ போலவே இருக்கும்.

நெடுக்குவெட்டு இதைவிட நம்பகமானது. ஆறு எப்போதும் இறக்கத்தில்தான் ஓடும். பனியோ மேடேறியும் போகும். நடுவில் ஆழமாகத் தோண்டிவிட்டு முன்னால் மேட்டை விட்டுவைக்கும். உயர்த்திய வரைபடத்தில் பள்ளத்தாக்கின் தரையை மேலிருந்து கீழாகத் தொடருங்கள். இடையில் பல நூறு மீட்டர் எதிரேற்றம் இருந்தால் பனி வேலை செய்திருக்கிறது, அல்லது நிலப்பிளவு நகர்ந்திருக்கிறது. உயர்த்தாத வரைபடத்தில் இதைச் செய்யவே கூடாது. பனி நடுவில் தடித்து நிலத்தை நடுவில் அதிகம் அமிழ்த்தியிருப்பதால் இறங்கிப் போன ஆறும் ஏறிப் போவதாகத் தெரியும்.

அடுத்து மேலிருந்து பார்க்கும் அமைப்பு. கிளைத்து கிளைத்துச் சேரும் வலைப்பின்னல் ஆற்றுடையது. அந்த வலைப்பின்னலை அகன்ற நேரான பள்ளங்கள் வெட்டிச் சென்றால் அவை பிந்தியவை. கிளைப் பள்ளத்தாக்கு பெரும் பள்ளத்தின் சுவரில் உயரத்திலேயே நின்றுவிட்டால் அது தொங்கும் பள்ளத்தாக்கு. பெரும் பள்ளத்தைப் பனி ஆழப்படுத்தியதற்கு அடையாளம். அரோரா–ஷ்மிட் மேட்டு நிலத்தில் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது: ஆறுகள் செதுக்கிய மூன்று மேட்டுத் துண்டுகள், அவற்றைப் பிரிக்கும் ஃபியோர்டு போன்ற ஆழ்பள்ளங்கள். முதலில் ஆறு, பிறகு தொடக்கப் பனி, அதன் பிறகு அரிக்காத உறைந்த பனி.

பள்ளத்தாக்கின் திசையை இன்றைய பனி ஓட்டத்தின் திசையோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் குறுக்காக இருந்தால், அந்தப் பள்ளத்தாக்கை இன்றைய பனிவிரிப்பு உண்டாக்கவில்லை என்பது உறுதி.

படி 6: வெப்பநிலையைக் கணித்தல்

மலைச்சரிவில் கிண்ணம் போலக் குடைந்திருக்கும் சர்க்குகள் இந்த வேலைக்கு மிக அருமையானவை. சிறு பனியாறு பிழைத்திருக்கக்கூடிய உயரத்தில்தான் அவை உருவாகும். ஒரே பகுதியில் குறைந்தது பத்துப் பதினைந்து சர்க்குகளின் தரை உயரத்தை, உயர்த்திய வரைபடத்தில், குறித்து நடுமதிப்பு எடுங்கள். ஒன்றிரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கம்பூர்த்செவ் மலைகளில், டோம் ஏ என்ற பனிமுகட்டின் அருகே எடுத்த ரேடார் அளவீடுகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, அங்கே பனியாறுகள் பிறந்தபோது கோடைச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி என்று மதிப்பிட்டது. இன்று அதே இடத்துக்கு மேலே உள்ள பனிமுகடு பூமியின் மிகக் குளிர்ந்த இடங்களுள் ஒன்று.

ஒவ்வொரு கி.மீ. உயரத்துக்கும் 6.5 டிகிரி என்ற தணிவு வீதத்தைப் பயன்படுத்தினால், 2,000 மீட்டரில் உள்ள சர்க்கில் கோடை 3 டிகிரி என்பது கடல்மட்டத்தில் 16 டிகிரிக்குச் சமம். இந்த எண்ணை விரிந்த வரம்போடு எழுதுங்கள். மலை அன்றைக்குப் பின் எழுந்திருக்கலாம். மழைப்பொழிவு கூடினால் சர்க்கு தாழ்வான இடத்திலும் உருவாகும்.

படி 7: காலத்தைக் கேட்க வேண்டிய இடம்

பள்ளத்தாக்கு புதிதாகத் தெரிகிறது என்பதற்காக அது புதிது அல்ல. வடமேற்கு கிரீன்லாந்தின் ஹையவாதா பள்ளம் இதற்கு நல்ல பாடம். 31 கி.மீ. அகலமுள்ள இந்த விண்கல் பள்ளம் 2018இல் அறிவிக்கப்பட்டபோது, அதன் கூர்மையான வடிவத்தைப் பார்த்து, கடைசிப் பனியுகத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. அதிலிருந்து பனியாறு வெளியே கொண்டுவந்த மணலையும் பாறையையும் ஆர்கான், யுரேனியம்–ஈயம் என்ற கதிரியக்கக் காலக்கணிப்பு முறைகளில் 2022இல் ஆய்ந்தபோது வந்த விடை 5.8 கோடி ஆண்டுகள்.

காலத்தைத் தருபவை பொருள்கள்: பனிக்கடி மண், பாறை, கடலடி வண்டல். பாறை வெளியே வெயில்பட இருந்தபோது காஸ்மிக் கதிர்களால் குவார்ட்ஸில் பெரிலியம் 10, அலுமினியம் 26 என்ற ஐசோடோப்புகள் சேரும். பனி மூடியதும் சேர்வது நிற்கும். அலுமினியத்தின் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள், பெரிலியத்துடையது சுமார் 14 லட்சம். ஒன்று மற்றதைவிட வேகமாகக் குறைவதால் விகிதத்தைப் பார்த்து எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று கணிக்கலாம். ஜிஸ்ப் 2 துளையின் அடிப்பாறையில் 2016இல் இப்படி அளந்தபோது, கடந்த 14 லட்சம் ஆண்டுகளுக்குள் அந்த இடம் மொத்தமாகக் குறைந்தது 2,80,000 ஆண்டுகள் பனியற்றிருந்தது என்று தெரிந்தது. அதே துளையின் அடிமண்ணில் வில்லோ மரத்துண்டும் பாப்பி விதையும் இருந்ததாக 2024இல் வெளியானது. வடிவத்தால் ஒருபோதும் தர முடியாத சான்று இது.

ஒளிர்வு முறை வேறு வகை. மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை அது அளக்கிறது. 1966இல் வடமேற்கு கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் பனியைத் துளைத்து எடுத்த 3.4 மீட்டர் அடிமண் பல ஆண்டுகள் உறைவிப்பானில் மறந்து கிடந்து, 2017இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் மேல்பகுதி கடைசியாக ஒளி பட்டது சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன். பிழை வரம்பு 38,000. அன்று கிரீன்லாந்திலிருந்து உருகிய பனி கடல்மட்டத்தைக் குறைந்தது 1.4 மீட்டர் உயர்த்தியிருக்கும் என்று 2023இன் ஆய்வு கணித்தது. இந்த முறைக்கு மாதிரியை இருட்டிலேயே வெட்ட வேண்டும். ஒளிபட்டால் கடிகாரம் பூஜ்யமாகிவிடும்.

உங்கள் பகுதிக்கு அருகே இப்படி ஒரு துளை இல்லாமல் இருக்கலாம். அண்டார்டிகாவின் உட்பகுதியில் பெரும்பாலும் இல்லை. அப்போது இரண்டு வெளி எல்லைகளைப் பயன்படுத்துங்கள்: கடலடி வண்டல்களில் அறியப்படும் 3.4 கோடி ஆண்டுக்கு முந்தைய பெரும்பனியின் தொடக்கம், 1.4 கோடி ஆண்டுக்கு முன் வந்த கடுங்குளிர். ஆற்று வலைப்பின்னல் முதல் எல்லைக்கு முந்தையது என்று பெரும்பாலும் சொல்லலாம். இரண்டு எல்லைகளுக்கும் இடையே பனிவிரிப்பு பலமுறை சுருங்கி விரிந்தது. ஆழ்பள்ளங்களுக்கு அந்தக் காலத்துக்குள் குறிப்பான ஆண்டு கொடுக்காதீர்கள்.

வரைபடத்தை வெளியிடும்போது அதன் ஓரத்திலேயே தரவின் பெயரும் பதிப்பும், மென்மையாக்கிய அளவும், பயன்படுத்திய அடர்த்திகளும், கடல்மட்டமும், செங்குத்து மிகையும் எழுதுங்கள். ரேடார் கோடுகளை மெல்லிய கறுப்பில் விட்டுவையுங்கள். கோடு இல்லாத பகுதியைச் சாம்பல் நிறத்தில் மூடுங்கள்.